பெட்ரோலா, பேட்டரியா?

பூம்புகார் வாசகர்: பெட்ரோல் காரிலிருந்து எலெக்ட்ரிக் காருக்கு எப்போது மாறலாம்?

மாதம் எத்தனை கிலோமீட்டர் ஓட்டுகிறீர்கள்? லிட்டருக்கு 15 கிலோமீட்டர் தரும் கார், கிலோமீட்டருக்கு ஆறேழு ரூபாயைக் குடிக்கும். வீட்டு மின்சாரத்தில் ஓடினால் ஒன்றரை ரூபாய்க்குள் முடியும். எலெக்ட்ரிக்குக்குக் கூடுதலாக 4 லட்சம் கொடுத்தீர்கள் என்றால், மாதம் 2,000 கிலோமீட்டர் ஓடுகிறவருக்கு மூன்றரை வருஷத்தில் முதல் திரும்பிவிடும். (வட்டியை நான் சேர்க்கவில்லை, நீங்கள் சேர்த்துக்கொள்ளுங்கள்.) ஞாயிற்றுக்கிழமை திருவெண்காடு போய்வர மட்டும்தான் காரா? பேரன் பெயரில் வாங்குங்கள், லாபம் அவனுக்கு வரும்.

அப்படியானால் ஹைப்ரிட்?

இரண்டு வீடு வைத்துக்கொண்டது உங்கள் ஊர்க் கோவலனுக்கே சரிப்படவில்லையே! ஆனாலும் ஒன்று: பிரேக் போடும்போதெல்லாம் ஹைப்ரிட்டின் பேட்டரியில் கொஞ்சம் சார்ஜ் ஏறும். நின்று நின்று ஊரும் சென்னை நெரிசலில் அது லாபம். நாலுவழிச் சாலையில் சீராகப் போகிறவருக்கு அவ்வளவு இல்லை.

எலெக்ட்ரிக் கார் எல்லாம் இந்தக் காலத்து மோகம்தானே?

ஹென்றி ஃபோர்டின் மனைவி கிளாரா வைத்திருந்தது 1914-ஆம் வருஷத்து 'டெட்ராய்ட் எலெக்ட்ரிக்'. உலகத்துக்கே பெட்ரோல் கார் விற்றவரால் வீட்டில் விற்க முடியவில்லை.

பூமியைத் தோண்டி எடுக்கும் எண்ணெயே வேண்டாம் என்கிறான் என் மகன். பேட்டரி காருக்கு மாறினால் போதும்தானே?

குத்தாலம் பக்கத்தில் மருதூருக்கு அவனை ஒரு நடை அழைத்துப் போங்கள். டெல்டாவின் அடியிலிருந்து வரும் எரிவாயுவில் மின்சாரம் எடுக்கும் நிலையம் அங்கே இருக்கிறது. பணம் பாதாளம் வரைக்கும் பாயும். மின்சாரம் பாதாளத்திலிருந்தே பாயும்!