சுவாமியின் வீடு இன்னும் நிற்கிறது

கர்நாடகத்து ஆகும்பேயில் தொட்டமனே என்று ஒரு வீடு இருக்கிறது. பெரிய வீடு என்று பொருள். நடுவில் முற்றம், சுற்றிலும் மரத்தூண்கள், மேலே ஓடு. 1980களில் சங்கர் நாக் 'மால்குடி டேஸ்' தொடரை எடுக்க ஆகும்பேக்கு வந்தபோது, சிறுவன் சுவாமியின் வீடாக இதைத்தான் காட்டினார். சுவாமியாக மாஸ்டர் மஞ்சுநாத், அப்பாவாக கிரீஷ் கர்னாட். எழுத்தாளர் ஆர்.கே. நாராயண் மனதில் கட்டிய மால்குடி என்ற ஊருக்குக் கல்லும் மரமுமாக ஒரு முகவரி கிடைத்தது அங்கேதான்.

தர்மபுரி மாவட்டத்தில் எங்கள் ஊரான ஏரியூரில் நாங்கள் அந்தத் தொடரை இந்தியில் பார்த்தோம். பேச்சில் ஒரு சொல்லும் விளங்காது. எல். வைத்தியநாதனின் முகப்பிசை தொடங்கியதும் வாத்தியார் வீட்டுத் திண்ணையில் தெருவே கூடிவிடும். ஆர்.கே. லக்ஷ்மண் வரைந்த படங்கள் ஓடி முடிவதற்குள் ஒருவன் கூரைமேல் ஏறி ஆன்டெனாவைத் திருப்பிக்கொண்டிருப்பான். என் ஆயா வெற்றிலையை மென்றபடி முன்வரிசையில் உட்கார்ந்திருப்பாள். கதையைவிட வீட்டைத்தான் பார்ப்பாள்.

"கண்ணு, அந்தத் தூணப் பாரு. நம்ம பழைய ஊட்டுல இப்பிடித்தான் இருந்துச்சி."

அந்தப் பழைய வீட்டை நான் பார்த்ததில்லை. எங்கள் குடும்பத்தில் யாரிடமும் அதன் படம் இல்லை. 1925இல் தொடங்கிய மேட்டூர் அணை வேலை 1934இல் முடிந்தது. 120 அடிக்குத் தண்ணீரைத் தேக்கியபோது காவிரிக் கரையோரத்து ஊர்கள் பல உள்ளே போய்விட்டன. ஆயா அப்போது சிறுமி. சனங்கள் மேட்டுக்கு ஏறி வந்தார்கள். வீடுகள் கீழேயே நின்றுவிட்டன. கோடையில் நீர்மட்டம் இறங்கும்போது நாகமரைக்கு எதிர்க்கரையான பண்ணவாடியில் ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தியும் பழைய தேவாலயக் கோபுரமும் தலைகாட்டும். இன்று அதைப் படம் பிடிக்கப் பரிசலில் போகிறவர்கள் ஏராளம். மண்சுவர் வைத்த குடியானவர் வீடுகள் அப்படி எழுந்து வராது. அவை கரைந்து எத்தனையோ காலமாகிவிட்டது. ஆயாவுக்குத் தன் வீட்டை மறுபடி பார்க்கக் கிடைத்த ஒரே வழி, யாரோ ஒருவர் மலைநாட்டில் எடுத்த தொடர்தான்.

வளர்ந்தபின் எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் பலரைப் போல நானும் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போனேன். மேஸ்திரியானேன். பழைய வீடுகளைச் செப்பனிடும் வேலை கையில் படிந்தது. சகலேஷ்பூர் பக்கம் ஒரு வேலை முடிந்த கையோடு ஆகும்பேக்குப் போய் வந்தேன்.

எங்கள் தர்மபுரி மாவட்டத்தில் ஆண்டுக்கு 850 மில்லிமீட்டர் அளவுக்கு மழை பெய்தால் நிறைவு. ஆகும்பேயில் சராசரி 7,000 மில்லிமீட்டரைத் தாண்டும். அந்த மழையில் ஒரு மரவீடு நூறாண்டைக் கடந்து நிற்கிறதென்றால், வருடந்தோறும் யாரோ அதைக் கவனித்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள். மழைக்கு முன் ஓட்டை இறக்கிப் பாசியைத் தேய்த்து, உடைந்ததைக் கழித்து, உளுத்த ரீப்பரை மாற்றி மறுபடி அடுக்க வேண்டும். தூணின் அடி ஈரம் வாங்கினால் கெட்ட பாகத்தை அறுத்துப் புது மரத்தை ஒட்டுப் போட வேண்டும். இதையெல்லாம் செய்வது அந்த வீட்டில் உண்டு உறங்குகிறவர்கள்தான். தொட்டமனேயில் இன்றும் குடும்பம் வாழ்கிறது; வருகிறவர்களுக்குச் சோறும் தங்க இடமும் கிடைக்கிறது. படக்குழு வந்து போனது அந்த வீட்டின் வாழ்வில் ஒரு பகுதி, அவ்வளவுதான். வீடு வீடாகவே இருந்ததால் பிழைத்தது.

தொடர் எடுக்கப்பட்ட இன்னொரு இடத்தின் கதி வேறு. மால்குடி ரயில் நிலையமாக வந்தது ஷிமோகா அருகே உள்ள அரசாளு நிலையம். மீட்டர்கேஜ் பாதை அகலப்பாதையானதும் பழைய கட்டடத்துக்கு வேலை இல்லாமல் போயிற்று. பாழடைந்து கிடந்த அதை ரயில்வே துறை செப்பனிட்டு, 2020இல் மால்குடி அருங்காட்சியகமாகத் திறந்தது. பணியை முன்னின்று செய்தவர் அந்தத் தொடரின் கலைப்பிரிவில் வேலை பார்த்த ஜான் தேவராஜ். அன்று அந்த நிலையத்தை மால்குடியாக மாற்றியவர்களில் ஒருவரே இன்று அதைக் காப்பாற்ற வந்தார் என்பது எனக்குப் பெரிய நிறைவு. சங்கர் நாக் இதைப் பார்க்க இல்லை. 1990 செப்டம்பர் 30 அன்று தாவணகெரே அருகே சாலை விபத்தில் இறந்தபோது அவருக்கு வயது 35.

நாராயண் மைசூர் யாதவகிரியில் தானே கட்டிக் குடியிருந்த வீட்டின் கதையையும் சொல்லியாக வேண்டும். 2011இல் அதை இடிக்கத் தொடங்கிவிட்டார்கள். எழுத்தாளர்களும் ஊர்க்காரர்களும் குரல் கொடுத்ததால் வேலை நின்றது. மாநகராட்சி வாங்கிச் சீர்செய்து 2016இல் நினைவில்லமாகத் திறந்தது. கற்பனைச் சிறுவனின் வீடு பத்திரமாக இருக்க, அவனைப் படைத்தவரின் வீடு கடப்பாரைக்குத் தப்பியது தெய்வச் செயல்.

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம் ஏரியூரில் எங்கள் சொந்த வீடு. அணைக்காக இடம் பெயர்ந்த பிறகு ஆயாவின் அப்பா கட்டியது. மண்சுவர், நாட்டு ஓடு, முன்னால் திண்ணை. சித்தப்பா மகன் அதை மொத்தமாக இடித்து மாடிவீடு கட்ட நினைத்தான். சுவரெல்லாம் உப்புப் பூத்து உதிர்கிறது என்றான். உதிர்ந்ததற்குக் காரணம் மண் அல்ல. பத்துப் பதினைந்து வருடத்துக்கு முன் யாரோ சொன்னார்கள் என்று சுவருக்குச் சிமெண்ட் பூசியிருந்தார்கள். மண்சுவர் தரையிலிருந்து ஈரத்தை இழுக்கும், வெயிலில் வெளியே விடும். மேலே சிமெண்டைப் பூசினால் ஈரம் போக வழியில்லாமல் உள்ளேயே தங்கிச் சுவரை அரிக்கும். நான் வேலைக்குப் போகும் பழைய வீடுகளில் பாதிக்கு இதே நோய்தான்.

"சிமெண்டை உரிச்சிட்டுச் சுண்ணாம்பு பூசுனா நிக்கும்டா" என்றேன்.

"எதுக்குண்ணா இதுக்குப் போயி செலவு பண்ணணும்? டிவிக்காரன் வந்து ஷூட்டிங் எடுத்த ஊடா இது?"

அவன் கேட்டதில் தப்பில்லை. அரசாளுவுக்கு ரயில்வே வந்தது, யாதவகிரிக்கு மாநகராட்சி வந்தது. எங்கள் வீட்டுக்கு எவரும் வரப்போவதில்லை. அதனால்தான் நாங்களே செய்ய வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. நாடறிந்த வீட்டைக் காப்பாற்ற நாலு பேர் வருவார்கள். பெயர் தெரியாத வீட்டுக்கு அதன் பிள்ளைகளை விட்டால் யார் இருக்கிறார்கள்?

இருவரும் பேசி ஒரு முடிவுக்கு வந்தோம். பின்கட்டு ஏற்கெனவே சாய்ந்திருந்தது. அங்கே அவன் விரும்பியபடி கான்கிரீட் அறைகள், குளியலறை, சமையலறை. பெண்கள் மழையில் நனைந்துகொண்டு கொல்லைக்குப் போகிற பழைய வாழ்க்கையைத் தூக்கிப் பிடிக்க எனக்கு மனமில்லை. திண்ணையும் முன்வீடும் அப்படியே நின்றன. சிமெண்டைக் கொத்தி எடுத்து, சுவரை வெயிலில் ஆறவிட்டு, நீர்த்த சுண்ணாம்போடு மணல் கலந்து, கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் சேர்த்துப் புளிக்கவைத்துப் பூசினோம். கரையான் தின்ற விட்டத்தை மாற்றினோம். நல்ல ஓடுகளைப் பொறுக்கி அடுக்கினோம். குறைந்ததற்கு, இடித்த ஒரு வீட்டின் ஓடுகளைப் பக்கத்து ஊரிலிருந்து வாங்கி வந்தோம். ஊரில் சுண்ணாம்பு வேலை தெரிந்த கை ஒன்றே ஒன்றுதான் மிச்சம். எழுபதைக் கடந்த பெரியவர். அவர் சொல்லச் சொல்ல இரண்டு பையன்கள் கற்றுக்கொண்டார்கள். வீடு நின்றதைவிட எனக்கு அதுதான் மகிழ்ச்சி.

ஏரியூரிலும் பென்னாகரத்திலும் நாகமரையிலும் ஓட்டு வீடு வைத்திருப்பவர்களை ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இடிப்பது என்று முடிவெடுத்தாலும் சரி, இடிக்கும் முன் சுண்ணாம்பு வேலை தெரிந்த ஒருவரைக் கூட்டிவந்து சுவரைத் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். கையில் இருக்கும் போனில் திண்ணையையும் தூணையும் அடுப்படியையும் நின்று நிதானமாகப் படம் எடுத்து வையுங்கள். வீட்டிலுள்ள பெரியவர்களைத் திண்ணையில் உட்காரவைத்து எடுங்கள்.