ஆப் இருக்க பயமேன்?

ஐப்பசி பிறந்துவிட்டது. சென்னைவாசி என்றால் இந்நேரம் மெழுகுவத்தி, தீப்பெட்டி, நாலு நாளைக்கு அரிசி பருப்பு, தண்ணீர் கேன் என்று பழைய பஞ்சாங்கமாக அலைந்துகொண்டிருப்பீர்கள். வேண்டாம். உட்காருங்கள், போனை எடுங்கள்.

முதலில் ஆப்களை இறக்குங்கள். வானிலைத் துறையின் மவுசம், மின்னலுக்குத் தாமினி, தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் சாசேத், மாநில அரசின் டிஎன் அலர்ட். எல்லாம் இலவசம். (இந்த ஆப்களைப் பழிப்பது என் வேலையல்ல. வயலில் நிற்பவரை மின்னலுக்கு முன்பே வீட்டுக்கு அனுப்பும் ஆப்பை யார் குறை சொல்வார்கள்? எச்சரிக்கையை விரலால் தள்ளிவிட்டு, மணல் மூட்டை அடுக்கி முடித்த திருப்தியோடு போர்த்திப் படுக்கிறோமே, அந்த நமக்குத்தான் இந்தக் கையேடு.)

அடுத்தது விண்டி ஆப். கலர் கலராகக் காற்று சுழலும். அதில் ஐரோப்பிய மாடல், அமெரிக்க மாடல் என்று இரண்டு உண்டு. ஒன்றைக் குலதெய்வமாக வரித்துக்கொள்ளுங்கள். மாமனார் மற்றதை நம்புகிறவராக இருந்தால் இன்னும் நல்லது. கரையைக் கடப்பது கடலூரா நெல்லூரா என்று விவாதித்தபடியே இரவைக் கழித்துவிடலாம். சம்ப் மூடியை இறுக்கவோ தரையில் கிடக்கும் பத்திரப் பெட்டியைப் பரணில் ஏற்றவோ நேரமிருக்காது.

கரையைக் கடக்கும் இடம் மட்டும்தான் முக்கியம் என்பதில் உறுதியாக இருங்கள். 2023இல் மிக்ஜாம் புயல் கரையைக் கடந்தது டிசம்பர் 5 அன்று, ஆந்திராவின் பாபட்லா அருகே. வேளச்சேரியும் பள்ளிக்கரணையும் அதற்கு முந்தைய நாளே மூழ்கிவிட்டன. புயல் கடலில் இருந்தபடியே நிதானமாக நகர்ந்து கொட்டித் தீர்த்தது. திரையில் புள்ளியோ வடக்கே போய்க்கொண்டிருந்தது. உங்கள் தெருமுனை வடிகாலில் யாரோ திணித்துவிட்டுப் போன பழைய மெத்தை எந்த மாடலிலும் வராது. அதைப் பார்க்க வேண்டுமானால் செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே இறங்க வேண்டும். அது இந்தக் கையேட்டின் எல்லைக்கு அப்பாற்பட்டது.

ஏரிக்கு வருவோம். 2015 டிசம்பர் 1 காலையிலிருந்து 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. கொட்டியது, அன்றிரவு செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி திறந்துவிட்டார்கள். அடையாற்றங்கரையில் பலருக்குத் தண்ணீர் வருகிற செய்தியைத் தண்ணீரே கொண்டுவந்தது. இப்போது அந்தக் கவலையில்லை, ஏரி மட்டத்தைப் போனிலேயே பார்க்கலாம். முழு மட்டம் 24 அடி. 22 ஆனதும் அப்பார்ட்மென்ட் குரூப்பில் ஸ்கிரீன்ஷாட் போடுங்கள். 23 ஆனதும் இன்னொன்று. கீழ்வீட்டுப் பாட்டியை மாடிக்கு அழைத்துவருவது யார் என்று எவராவது கேட்டால், கும்பிடும் கை ஸ்டிக்கர் ஒன்றை அனுப்பினால் போதும்.

கரண்ட் போகும். தண்ணீர் ஏறினால் மின்வாரியமே அணைத்துவிடும், அதுதான் சரியும்கூட. செல்போன் டவர் சிறிது நேரம் பேட்டரியில் மூச்சுவிடும். பிறகு ஜெனரேட்டர், அதற்கு டீசல், டீசல் கொண்டுவர லாரி, லாரி வர ரோடு. ரோடு இருந்தால் நீங்கள் ஏன் மொட்டை மாடியில் நிற்கப்போகிறீர்கள்? பவர் பேங்க் இருக்கிறதே என்பீர்கள். சார்ஜ் உள்ள, சிக்னல் இல்லாத போன் நல்ல டார்ச் லைட். இரண்டு நாளைக்கு வரும்.

பணம் கையில் வைத்திருக்காதீர்கள், அது அநாகரிகம். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் அடித்தபோது பணமதிப்பிழப்பு வந்து ஐந்து வாரம்கூட ஆகவில்லை. ஏடிஎம்மில் நோட்டில்லை, கார்டு தேய்க்கலாம் என்றால் லைன் இல்லை. இன்று நாம் எவ்வளவோ முன்னேறிவிட்டோம். இடுப்பளவுத் தண்ணீரில் பால் பாக்கெட்டைத் தலையில் சுமந்துவருபவரிடம் கியூஆர் கோடு கேளுங்கள். அவர் சொல்வதை இங்கே அச்சிட முடியாது.

உதவி எண்களும் உண்டு: 1070 மாநிலக் கட்டுப்பாட்டு அறை, 1077 மாவட்டத்துக்கு. சாதாரண போனிலிருந்தும் அழைக்கலாம் என்பதால் இவற்றை யாரும் மதிப்பதில்லை. காலண்டர் அட்டையில் எழுதி வைப்பவர்களைப் பார்த்துச் சிரித்துவிட்டு நகருங்கள். 2024 அக்டோபரில் ரெட் அலர்ட் வந்ததும் வேளச்சேரி மேம்பாலத்தில் காரை வரிசையாகக் கொண்டுபோய் நிறுத்தினார்களே, அவர்களையும் பின்பற்றாதீர்கள். காரைப் பாலத்தில் ஏற்று என்று எந்த ஆப்பும் சொல்லவில்லை. போன தடவை இன்ஜினுக்குள் தண்ணீர் புகுந்த ஞாபகத்தை வைத்துக்கொண்டு, நோட்டிஃபிகேஷனுக்குக் காத்திராமல் கிளம்பிவிட்டார்கள்.

நாலாம் நாள் வெயில் அடிக்கும். மெத்தை காயப்போடும்போது சிக்னல் திரும்பி, பையில் போன் அதிரும்: 'உங்கள் பகுதியில் அடுத்த மூன்று மணி நேரத்தில் கனமழைக்கு வாய்ப்பு.' தேதியைப் பார்க்காதீர்கள். ஐந்து நட்சத்திரம் கொடுத்துவிட்டு, நனைந்த சோபாவைப் படமெடுக்க இடம் வேண்டுமென்றால் ஆப்பை அழித்துவிடுங்கள். அடுத்த ஐப்பசிக்கு மறுபடி இறக்கிக்கொள்ளலாம்.