டயா சொல்லுங்க

1990-களின் தொடக்கத்தில் திருப்பூர்த் தொழில் பாதிக்குமேல் டெலிபோனில்தான் ஓடியது. வெளிநாட்டு பையருக்கு ஃபேக்ஸ், ஊருக்குள் போன். நூல் ஓரிடம், நிட்டிங் ஓரிடம், சாயம் ஓரிடம், காம்பாக்டிங், பிரிண்டிங், எம்ப்ராய்டரி எல்லாம் வேறு வேறு இடம். ஒரு டீ-ஷர்ட் பெட்டிக்குள் போவதற்குள் அதன் துணி ஊரையே சுற்றி வந்துவிடும். கை மாறும்போதெல்லாம் ஒரு டெலிவரி சலான். அதற்கு முன்னால் ஒரு போன். ஊருக்குள் ராயபுரம் பகுதியில் ஒரு நிட்டிங் கம்பெனியில் அந்த போனை எடுப்பதுதான் என் முதல் வேலை.

வேலையைச் சொல்லிக்கொடுத்தவர் டெலிவரி பார்த்த அண்ணன். அவர் பேசுவதைக் கேட்டுக்கொண்டே இருக்கலாம்.

“ஏனுங்க, முப்பதாம் நம்பர் கோம்டு நூல் முந்நூறு கிலோ காலையில வருது. சிங்கிள் ஜெர்சி ஓட்டிக் குடுத்துருங்க.”

“ஆகட்டுங்க. டயா சொல்லுங்க.”

“இருவத்தி நாலு.”

“ஜிஎஸ்எம்?”

“நூத்தி அம்பது வரோணும்.”

“சரிங்க. கழுத்துக்கு ரிப் ஓட்டோணுமில்லீங்க? அதுக்கு நூல் இதுலயே வருதா, தனியா வருதா?”

அந்தப் பக்கம் பேச்சு நின்றுவிடும். ரிப்பை மறந்திருப்பார்கள். உடம்புத் துணியும் கழுத்து ரிப்பும் ஒரே லாட் நூலில் ஓடி, ஒரே லாட்டாகச் சாயத்துக்குப் போக வேண்டும். தனித்தனியாகப் போனால் உடம்பு ஒரு ஷேடு, கழுத்து ஒரு ஷேடு. தைத்து, அயர்ன் பண்ணி, பாலிபேக்கில் போட்ட பிறகு பையருடைய ஆள் ஒதுக்கித் தள்ளினால் மொத்தச் சரக்கும் காதர்பேட்டைக் கடைகளுக்கு செகண்ட்ஸாகப் போக வேண்டியதுதான். அந்த ஒரு கேள்வி அத்தனையையும் காப்பாற்றியது.

எல்லாரிடமும் அவர் ஒரே மாதிரி கேட்கமாட்டார். பழைய பார்ட்டி மடமடவென்று சொல்லிக்கொண்டு போனால் “ம்… ம்…” என்று எழுதிக்கொள்வார்; குறுக்கே ஒரு வார்த்தை வராது. புதிதாகத் தொழிலுக்கு வந்த பையன் தயங்கினால் பேச்சைத் தானே எடுத்துக்கொள்வார்: நூல் என்ன கவுண்ட், மெஷின் என்ன டயா, துணி ட்யூபா ஓப்பன் விட்த்தா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்குவார். டயா கேட்கும்போது பையன் கலரைச் சொன்னால் “கலர் அப்புறம்” என்று தடுக்கமாட்டார். அதற்குரிய இடத்தில் எழுதிவிட்டு மறுபடி டயாவுக்கு வருவார். யார் பேச்சை நடத்துகிறார்கள் என்பது அந்தப் போனுக்குள்ளேயே நாலு முறை மாறும். மாறுவது இரண்டு பேருக்கும் தெரியாது.

பின்னாளில் நான் மெர்ச்சண்டைசர் ஆகி, கம்பெனிக்கு சாஃப்ட்வேர் போடும் பொறுப்பும் என்னிடம் வந்தபோதுதான், அண்ணன் செய்ததைக் கணினிக்குக் கற்றுக்கொடுக்க அறிஞர்கள் பல ஆண்டுகளாக முயன்று வந்திருக்கிறார்கள் என்று தெரிந்தது. பேச்சில் முன்கை யாரிடம் இருக்க வேண்டும் என்பதுதான் அவர்களுடைய கேள்வி.

1966-இல் எம்ஐடியின் ஜோசப் வைசன்பாம் வெளியிட்ட ‘எலிசா’, எதிரே இருப்பவர் சொன்னதையே பெரும்பாலும் கேள்வியாக்கித் திருப்பிக் கொடுத்தது. முடித்துக் கொடுக்க அதற்கென்று ஒரு வேலை இல்லை. பேச்சை எங்கே கொண்டுபோவது என்பது முழுக்க மனிதர் பாடு. 1970-இல் ஜெய்மி கார்போனெல் என்பவர் ‘ஸ்காலர்’ என்று ஒரு நிரலை எழுதினார். தென் அமெரிக்கப் புவியியல் பாடம் நடத்துவது அதன் வேலை. அது மாணவரைக் கேள்வி கேட்கும். மாணவர் நடுவே நிறுத்தி அதைக் கேள்வி கேட்கலாம். இருவரும் மாறிமாறி முன்கை எடுக்கும் இந்த முறைக்குக் கணினி உலகில் பெயர் வைத்தவரும் அவர்தான்.

எனக்கு மிகவும் பிடித்தது 1977-இல் வந்த ‘கஸ்’. கலிபோர்னியாவில் ஜெராக்ஸ் ஆராய்ச்சி மையத்தில் டேனியல் பாப்ரோவும் மார்ட்டின் கே, டோனால்ட் நார்மன், டெரி வினோகிராட் உள்ளிட்ட குழுவினரும் செய்தது. விமானப் பயணம் பதிவு செய்யும் ஏஜெண்ட் மாதிரி அது பேசும். எந்த ஊர், எந்தத் தேதி, எத்தனை மணி என்று நிரப்ப வேண்டிய கட்டங்கள் அதனிடம் இருக்கும். காலியாக இருக்கும் கட்டத்தைக் கேட்கும். அவர்கள் வெளியிட்ட உரையாடலில், எங்கே போக வேண்டும் என்று கேட்டதற்கு அந்தப் பயணி ஊரோடு தேதியையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறார். கஸ் தேதியை மறுபடி கேட்கவில்லை. எத்தனை மணிக்குப் புறப்பட வேண்டும் என்று கேட்டால், பத்து மணிக்குள் அங்கே போய்ச் சேர வேண்டும் என்கிறார். அதையும் புரிந்துகொண்டு பொருத்தமான விமானத்தைச் சொல்கிறது. கலரை எழுதிக்கொண்டு டயாவுக்குத் திரும்பிய அண்ணன் செய்தது இதைத்தான். அவரிடம் இருந்தது ஒரு கோடு போட்ட நோட்டு. கஸ்ஸிடம் இருந்தது கணினி நினைவகம்.

ஆனால் எங்கள் ஊருக்கு வந்து சேர்ந்தது கஸ் அல்ல. 2000-க்குப் பிறகு பேங்க், கேஸ், செல்போன் கம்பெனி என்று ஒவ்வொன்றிலும் பதிவு செய்த குரல் ஒன்று வந்து உட்கார்ந்தது. தமிழுக்கு ஒன்றை அழுத்தவும், ஆங்கிலத்துக்கு இரண்டை அழுத்தவும். நிட்டிங் மெஷின் சத்தத்தில் காதை ஒரு கையால் பொத்திக்கொண்டு, ஏழாவது வாய்ப்பு வருவதற்குள் மூன்றாவது என்ன என்று மறந்துபோய், மறுபடி முதலிலிருந்து கேட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். சொல்ல வந்தது ஒரே வாக்கியம்; அதைச் சொல்ல இடமில்லை. முன்கை முழுக்க இயந்திரத்திடம்.

இதற்கு ஒரு தொழில்நுட்பக் காரணம் உண்டு, அதைச் சொல்லாமல் குறை சொல்வது நியாயமில்லை. கேள்வி எவ்வளவு குறுகியதோ, வரப்போகும் பதிலும் அவ்வளவு குறுகியது. ‘தக்காளியா, வெங்காயமா’ என்று கேட்டால் இயந்திரம் இரண்டு சொல்லை அடையாளம் கண்டால் போதும். ‘என்ன வேண்டும், சொல்லுங்கள்’ என்று கேட்டால் ஒரு மொழியே அதற்குள் வந்து விழும். 2006-ஐயொட்டி மேட்லைன் ப்ளாஷே என்ற அமெரிக்க ஆய்வாளரும் உடன் வேலை செய்தவர்களும், எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் துணையோடு, ‘தமிழ் மார்க்கெட்’ என்று ஒரு பேச்சு நிரலைத் தமிழகக் கிராமத்து மக்களிடம் சோதித்துப் பார்த்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாத விவசாயியும் பயிர்ச் செய்தியைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது நோக்கம். அதற்குத் தெரிந்த சொற்கள் கொஞ்சம். ஆகவே இயந்திரம் கேட்கும், விவசாயி ஒரு சொல்லில் பதில் சொல்வார். சென்னை ஐஐடி தலைமையில் தமிழ் உள்பட ஆறு மொழிகளில் விளைபொருள் விலை சொல்லும் போன் சேவையைச் செய்து பார்த்தபோதும் இப்படி ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கும் வழிதான். ஒவ்வொரு வட்டாரத்திலும் ஒவ்வொரு மாதிரி ஒலிக்கும் தமிழைக் கையில் இருந்த கருவி தாங்கும் அளவுக்கு அவர்கள் பேச்சைச் சுருக்கினார்கள். படிக்காதவர்களுக்காக உழைத்தவர்கள் அவர்கள். அந்த உழைப்பை மதிக்கிறேன்.

எதிர்ப்பக்கத் தொல்லையும் ஒன்று இருந்தது. மைக்ரோசாஃப்ட் ஆபீஸ் 97 வந்த காலத்தில் எங்கள் மெர்ச்சண்டைசிங் அறையில் எல்லாக் கடிதமும் ‘டியர் சார்’ என்றுதான் தொடங்கும். அந்தச் சொல்லை அடித்த உடனே, கடிதம் எழுத உதவட்டுமா என்று பேப்பர் கிளிப் பொம்மை திரையில் வந்து நிற்கும். ஷிப்மென்ட் தேதி நீட்டிக் கேட்டுக் கெஞ்சிக்கொண்டிருப்பவனுக்கு அந்த நேரத்தில் அது வேண்டாத கேள்வி. 1999-இல் மைக்ரோசாஃப்டின் எரிக் ஹார்விட்ஸ் இதற்கான நெறிகளை எழுதினார்: குறுக்கிடுவதால் வரும் நன்மையையும் தொந்தரவையும் எடை போடு, மனிதரின் கவனம் எங்கே இருக்கிறது என்று பார், சந்தேகம் இருந்தால் கேள், வேண்டாம் என்றால் விலகிக்கொள். அண்ணனின் “ம்… ம்…” அந்த நெறிக்குள் அடக்கம்.

இப்போது காலம் மாறிவிட்டது. 2022 நவம்பர் 30 அன்று சாட்ஜிபிடி வந்தது. 2024-இல் கூகுளின் ஜெமினி தமிழில் வாய்விட்டுப் பேசவே தொடங்கியது. என்ன வேண்டுமானாலும் கேட்கலாம், எப்படி வேண்டுமானாலும் கேட்கலாம். அழுத்த வேண்டிய பட்டன் எதுவும் இல்லை. முப்பது ஆண்டுகளில் இப்படி ஒரு நாள் வரும் என்று நான் நினைக்கவில்லை, மனதார மகிழ்கிறேன். ஆனால் முன்கை இப்போது மொத்தமாக மனிதர் பக்கம் வந்து விழுந்திருக்கிறது. எதைக் கேட்க வேண்டும் என்று தெரிந்தவருக்கு அது வரம். தெரியாதவரின் கதை வேறு.

எங்கள் லைனில் ஓவர்லாக் ஓட்டிய அக்கா ஒருவர் வேலையை விட்டதும் பிஎஃப் பணம் எடுக்க வேண்டும் என்று மகளின் போனில் ஒரு செயலியிடம் தமிழிலேயே கேட்டார். அது உடனே பதில் சொன்னது. எந்த இணையதளம், எந்தப் படிவம், என்னென்ன ஆவணம் என்று வரிசையாக, நல்ல தமிழில். சொன்னதில் தப்பு இல்லை. அக்கா முழுக்கக் கேட்டார். மகள் அந்தப்படியே விண்ணப்பித்தாள்; நிராகரிக்கப்பட்டு வந்துவிட்டது.

பஸ் ஸ்டாப் பக்கத்து பிரவுசிங் சென்டருக்குப் போனார்கள். அங்கே இருந்த தம்பி படிவத்தைத் திறக்கவே இல்லை.

“அக்கா, ஆதார்ல இருக்கற பேரும் பிஎஃப்ல இருக்கற பேரும் ஒண்ணுதானுங்களா?”

“தெரியலையே கண்ணு.”

“எத்தனை கம்பெனி மாறுனீங்க?”

“அது ஆச்சு, நாலஞ்சு.”

“எல்லாத்துக்கும் ஒரே யுஏஎன் நம்பரா, வேற வேறயா? கடைசிக் கம்பெனில நீங்க நின்ன தேதிய ஏத்திட்டாங்களா?”

பனியன் கம்பெனித் தொழிலாளியின் பிஎஃப் சிக்கிக்கொள்ளும் இடங்கள் எல்லாம் அந்தக் கேள்விகளில் இருக்கின்றன. கம்பெனி மாறுவது இங்கே வழக்கம். மாறும்போது புது யுஏஎன் நம்பர் போட்டுவிடுவதும் உண்டு. பெயரில் ஓர் இங்கிலீஷ் எழுத்து கூடினாலும் குறைந்தாலும் விண்ணப்பம் திரும்பலாம். அக்காவுக்கு இதெல்லாம் கேட்கத் தெரிய வேண்டும் என்று எதிர்பார்க்க முடியாது. தெரிந்தவர்தான் கேட்க வேண்டும். தம்பி கேட்டார். போன் கேட்கவில்லை.

இயந்திரத்தால் முடியாத காரியம் அல்ல இது. அக்கா கேட்டதையே நான் அதே செயலியிடம் கேட்டேன். ‘பதில் சொல்வதற்கு முன்னால் தேவையான விவரங்களை என்னிடம் ஒவ்வொன்றாகக் கேள்’ என்று ஒரு வரியைச் சேர்த்தேன். பெயர், கம்பெனிகள், யுஏஎன் என்று ஒழுங்காகக் கேட்டது. அறிவு உள்ளே இருக்கிறது. கேட்கும் பழக்கம்தான் இல்லை. கேள்விக்கு உடனே நீளமாகப் பதில் சொல்லும் பழக்கம்தான் இருக்கிறது. அந்த ஒரு வரியைச் சேர்க்கத் தெரிந்தவர்களுக்கு ஒரு பதிலும் தெரியாதவர்களுக்கு ஒரு பதிலும் கிடைப்பது அநியாயம்.

கேள்வி கூடிப்போனாலும் ஆபத்துதான். விரலில் ஊசி ஏறி ரத்தம் வழிய போன் செய்பவரிடம் பெயர், ஊர், ஈஎஸ்ஐ நம்பர் என்று இயந்திரம் கட்டம் நிரப்பக் கூடாது. எங்கே இருக்கிறீர்கள் என்ற ஒரு கேள்வி போதும். உடனே மனிதரிடம் கொடுத்துவிட வேண்டும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஏற்றுமதிக் கம்பெனிகளில் பையர் அனுப்பும் ஆடிட்டர்கள் தொழிலாளர்களிடம் பேசுவார்கள். கையில் கேள்வித்தாள் இருக்கும்: சம்பளம் சனிக்கிழமை வருகிறதா, ஓவர்டைமுக்கு இரட்டிப்புக் கூலியா, தீ வாசல் திறந்திருக்கிறதா. எல்லாவற்றுக்கும் ஆமாம், ஆமாம். நல்ல ஆடிட்டர் கடைசியில் தாளை மடித்து வைத்துவிட்டு, “வேற ஏதாச்சும் சொல்லணுமாம்மா?” என்று கேட்டுப் பொறுமையாக இருப்பார். சூப்பர்வைசர் பேசும் விதம், ஹாஸ்டலில் போன் பேச விடாதது, பாத்ரூம் போக டோக்கன் வாங்க வேண்டியிருப்பது எல்லாம் அப்போதுதான் வெளியே வரும். இன்று லைனில் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் பிள்ளைகள் ஏராளம். அவர்களுடைய மொழியிலேயே இயந்திரக் குரல் கூப்பிட்டுக் குறை கேட்பது இனிமேல் பெரிய காரியம் இல்லை. அந்தக் குரல், தான் கேட்க வந்ததை மட்டும் கேட்டுவிட்டு போனை வைத்தால், ‘குறை இல்லை’ என்ற அறிக்கைதான் மிஞ்சும். அங்கே முன்கையைத் தொழிலாளியிடம் விட்டுக்கொடுப்பது அவருக்குரிய உரிமையைக் கொடுப்பதாகும்.

இப்போது திருப்பூரில் ஆர்டர் நிலவரம் சொல்லவும், ஜாப் ஒர்க் விசாரிக்கவும், ஆள் எடுக்கவும் வாட்ஸ்அப்பில் பேசும் நிரலை வாங்கிப் போட முனைகிறவர்களைப் பார்க்கிறேன். விற்க வருகிறவர் அது எவ்வளவு வேகமாகப் பதில் சொல்கிறது என்றுதான் காட்டுவார். அவரிடம் மூன்று விஷயம் செய்து காட்டச் சொல்லுங்கள். முந்நூறு கிலோ சிங்கிள் ஜெர்சி வேண்டும் என்று மட்டும் சொல்லிப் பாருங்கள். ரிப்பைப் பற்றி அது கேட்கிறதா? எல்லா விவரத்தையும் ஒரே மூச்சில் சொல்லிப் பாருங்கள். சொன்னதையே மறுபடி கேட்காமல் இருக்கிறதா? ஆளிடம் பேச வேண்டும் என்று சொல்லிப் பாருங்கள். ஒரு வார்த்தை பேசாமல் ஆளிடம் கொடுக்கிறதா? மூன்றும் செய்தால் வாங்குங்கள். ஒன்று தவறினாலும் அந்தக் காசுக்கு போன் எடுக்க ஒரு பிள்ளையை வேலைக்கு வைத்து, எப்போது கேட்க வேண்டும், எப்போது பேசாமல் இருக்க வேண்டும் என்று கற்றுக்கொடுங்கள்.