கிளிஞ்சல் கோட்டையும் வைரப்பல் சீமாட்டியும்

ஃப்ளோரிடாவின் கிழக்குக் கரையில் செயின்ட் அகஸ்டின் என்று ஓர் ஊர். அமெரிக்கப் பெருநிலத்தில் ஐரோப்பியர்கள் குடியேறி, இன்றுவரை தொடர்ந்து ஆள் இருக்கிற ஊர்களில் இதுதான் மூத்தது. பிறந்த வருஷம் 1565. அந்த வயதை வைத்துக்கொண்டு ஊர் பண்ணுகிற அலட்டல் கொஞ்சநஞ்சமில்லை. மிகப் பழைய வீடு, மிகப் பழைய மரப் பள்ளிக்கூடம் என்று எங்கு திரும்பினாலும் பலகை. அந்தப் பள்ளிக்கூடத்தைத் தடித்த இரும்புச் சங்கிலியால் சுற்றி, நங்கூரத்தோடு பிணைத்திருக்கிறார்கள். 1937-இல் புயலுக்குப் பயந்து கட்டியது. பையன்கள் பள்ளியைவிட்டு ஓடுவது உலக வழக்கம். பள்ளியே ஓடிவிடக் கூடாதென்று கட்டிப்போட்ட ஊர் எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான்.

ஊரைத் தொடங்கிவைத்தவர் பெட்ரோ மெனெண்டஸ் என்ற ஸ்பானியத் தளபதி. வடக்கே பிரெஞ்சு புராட்டஸ்டன்டுகள் ஒரு கோட்டை போட்டுவிட்டார்கள், போய் விரட்டு என்று மன்னர் இரண்டாம் பிலிப் அனுப்பிய ஆள். கப்பலிலிருந்து கரை கண்ணில் பட்ட ஆகஸ்ட் 28 புனித அகஸ்டின் திருநாள். பெயர் வைக்கும் வேலை அதோடு முடிந்தது. செப்டம்பர் 8 அன்று இறங்கினார்கள், பூசை வைத்தார்கள், உள்ளூர் திமுக்குவா மக்களோடு பந்தியில் உட்கார்ந்தார்கள். கப்பலில் இருந்தது உப்புக்கண்டம் போட்ட பன்றியும் கொண்டைக்கடலையும். அதைத்தான் பரிமாறியிருப்பார்கள் என்பது வரலாற்றாசிரியர்கள் கணிப்பு. ஆக, கடற்கரையில் சுண்டல் விநியோகம் என்பது மெரினாவின் கண்டுபிடிப்பு அல்ல.

செலோய் என்ற திமுக்குவா தலைவர் தங்குவதற்குப் பெரிய வீடு ஒன்றும் கொடுத்தார். வந்த விருந்தாளிகள் முதல் வேலையாக வீட்டைச் சுற்றி அகழி வெட்டினார்கள். விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பது செலோயின் ஆட்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஒன்பது மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு அடித்து விரட்டினார்கள். ஸ்பானியர்கள் எதிரே இருந்த அனஸ்தாசியா தீவுக்கு மூட்டை கட்டினார்கள்; திரும்ப 1572 ஆயிற்று. ‘தொடர்ந்து ஆள் இருக்கிற ஊர்’ என்று பலகை எழுதுகிறவர்கள் இந்த இடைவேளையைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

இதற்கு நடுவே பிரெஞ்சுக்காரர்களின் கதையும் முடிந்திருந்தது. அவர்கள் கப்பல்களைப் புயல் கரையில் வீசி உடைத்தது. உயிர் தப்பித் தெற்கே முகத்துவாரத்தில் சரணடைந்தவர்களில் பெரும்பாலோரை மெனெண்டஸ் வெட்டிச் சாய்த்தார். கத்தோலிக்கராக இருந்தவர்கள், கைத்தொழில் தெரிந்தவர்கள் என்று சிலரை மட்டும் விட்டுவைத்தார். இன்று அதே முகத்துவாரத்தில் ஜனங்கள் மணலில் நாற்காலி போட்டுத் தூண்டில் வீசுகிறார்கள்.

1586-இல் இங்கிலாந்தின் பிரான்சிஸ் டிரேக் வந்தார். ஸ்பானியர்கள் ராத்திரியோடு ராத்திரியாகக் கோட்டையைக் காலிசெய்ய, சுமார் 2,000 பவுன் இருந்த கஜானாப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊரையும் கொளுத்திவிட்டுப் போனார். 1668-இல் ராபர்ட் சேர்ல் என்ற கொள்ளைக்காரனின் முறை. ஒன்பது மரக்கோட்டைகள் கட்டிக் கட்டிக் கெட்ட பிறகுதான், கல்லில் ஒன்று கட்டலாமே என்று அரசாங்கத்துக்குத் தோன்றியது. 1672-இல் தொடங்கி 1695-இல் முடித்தார்கள். நம் பொதுப்பணித் துறை வெட்கப்பட வேண்டியதில்லை.

கல் என்று கிடைத்ததும் பாறை இல்லை. அனஸ்தாசியா தீவில் கிளிஞ்சல்கள் யுகக்கணக்கில் அமுங்கி ஒட்டிக்கொண்ட ‘கொக்கினா’ என்ற சரக்கு. சுவருக்குப் பக்கத்தில் போய்ப் பார்த்தால் நகம் அளவுச் சிப்பிகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் செருகிக்கொண்டு, நடுநடுவே காற்றுப் பொந்துகளோடு தெரியும். இதை நம்பிக் கோட்டையா என்று எவனும் சிரித்திருப்பான். 1702-இல் கரோலைனா ஆளுநர் ஜேம்ஸ் மூர் படையோடு வந்து சுட்டார். குண்டு, ஈரமண்ணில் விழுந்த தேங்காய் மாதிரி பொதக்கென்று அமுங்கி நின்றுவிட்டது. சுவர் உடையவில்லை, உள்ளே ஏறத்தாழ 1,500 பேர் 50 நாள் போல முட்டிமோதிக்கொண்டு கிடந்தார்கள். ஹவானாவிலிருந்து ஸ்பானியக் கப்பல்கள் வந்ததும், மூர் தன் கப்பல்களையே எரித்துவிட்டுத் தரைவழியாகப் பின்வாங்கினார். போகிற போக்கில் செயின்ட் அகஸ்டினையும் எரித்தார். அது என்னவோ, வருகிறவர்களுக்கெல்லாம் இந்த ஊரைக் கண்டாலே கை நெருப்புப் பெட்டியைத் தேடியிருக்கிறது. கோட்டையைக் கடைசிவரை யாரும் சண்டையில் பிடிக்கவில்லை. 1763-இல் பிரிட்டனுக்கு, 1783-இல் மறுபடி ஸ்பெயினுக்கு, 1821-இல் அமெரிக்காவுக்கு என்று கைமாறியதெல்லாம் கிரயப் பத்திரம் மாதிரி காகிதத்தில்தான்.

ஊரின் அசல் மேதை யார் என்று கேட்டால், தளபதிகளை விட்டுவிட்டு லூயெல்லா டே மெக்கானலைத்தான் சொல்வேன். அலாஸ்காப் பக்கத்துத் தங்க வேட்டையிலிருந்து வந்து, பல்லில் வைரம் பதித்து ‘டைமண்ட் லில்’ என்று பெயரெடுத்த அம்மணி. 1900-களின் தொடக்கத்தில் இங்கே ஒரு தோட்டத்தை வாங்கி, ஸ்பானியக் கடலோடி போன்ஸ் டி லியோன் தேடிய இளமை ஊற்று என் கிணறுதான் என்று தண்ணீரைக் காசுக்கு விற்றார். சாட்சிக்குத் தரையில் ஒரு கற்சிலுவையும் ‘கிடைத்தது’. நெடுக்கே 15 கல், குறுக்கே 13 கல். போன்ஸ் ஃப்ளோரிடா வந்தது 1513! ஸ்பானிய மாலுமி அரேபிய எண்ணில், அமெரிக்க டூரிஸ்டுக்குப் புரிகிற மாதிரி, கல்லில் தேதி குறித்துவைத்துவிட்டுப் போன கரிசனத்தை என்னவென்பது. போன்ஸ் அப்படியொரு ஊற்றைத் தேடியதாக அவர் காலத்து ஆவணம் எதிலும் இல்லை. செத்தபின் எழுதியவர்கள் ஆளை நக்கலடிக்கச் சேர்த்த மசாலா அது. அவர் போனது 1521-இல், அம்பு பட்டு. தண்ணீர் இன்றும் குட்டிக் கோப்பையில் தருகிறார்கள். கந்தக வாடை.

பிற்பாடு ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்தின் கேத்லீன் டீகன் குழு அந்தத் தோட்டத்தைத் தோண்டியது. மெனெண்டஸ் 1565-இல் இறங்கிப் போட்ட முதல் குடியிருப்பு அங்கேதான் புதைந்துகிடந்தது! லூயெல்லா சொன்னது அத்தனையும் புளுகு. வாங்கிய இடம் மட்டும் அசல்.

இவ்வளவு பழம்பெருமை கொண்ட ஊர் தன் 400-வது பிறந்தநாளுக்குத் தயாராகிக்கொண்டிருந்த 1964-இல், கறுப்பர்கள் கடலில் கால் நனைக்கப் போனால் அடி விழுந்தது. ஜூன் 11 அன்று மான்சன் மோட்டலில் சாப்பிட இடம் கேட்ட மார்ட்டின் லூதர் கிங்கைக் கைதுசெய்தார்கள். ஒரு வாரம் கழித்து கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்து அதே மோட்டல் நீச்சல்குளத்தில் இறங்க, மேலாளர் குளம் கழுவும் அமிலத்தைக் கொண்டுவந்து தண்ணீரில் ஊற்றினார். அவர்களை வெளியேற்றப் போலீஸ்காரர் ஒருவரே குளத்தில் குதிக்க வேண்டியதாயிற்று. மறுநாள் வாஷிங்டனில் சிவில் உரிமைகள் மசோதா செனட்டில் நிறைவேறியது. அந்த மோட்டலை 2003-இல் இடித்து, பெரிய ஹோட்டல் கட்டினார்கள். கிங்கைப் பிடித்த படிக்கட்டு மட்டும் மிச்சம்.