டூப்ளிகேட் ரோலெக்ஸ்

கேள்வி: பர்மா பஜாரில் வாங்கிய டூப்ளிகேட் ரோலெக்ஸ் வாட்சுகள் நாலைந்து சேர்த்து வைத்திருக்கிறேன். இதையும் பொழுதுபோக்காக ஏற்றுக்கொள்வீர்களா? எப்படிப் பராமரிப்பது?
– ஒரு வாசகர், பள்ளிப்பட்டு

பதில்: நான் ஏற்றுக்கொள்வேன், ரோலெக்ஸ்காரர்தான் ஏற்க மாட்டார்! 1999ஆம் வருட வணிகக் குறிகள் சட்டப்படி போலி முத்திரைச் சரக்கை விற்பவருக்கு 6 மாதம் முதல் 3 வருடம் வரை சிறை. வாங்கி மாட்டிய உங்களுக்குத் தண்டனை, விநாடி முள்தான். இன்றைய அசலில் பெரும்பாலும் அது விநாடிக்கு 8 சிற்றடி வைத்து வழுக்கிக்கொண்டு போகும். பேட்டரி போட்ட உங்களுடையது 'டிக்... டிக்' என்று நின்று நின்று காட்டிக் கொடுக்கும்.

பராமரிப்பா? மழையில் கையை பாக்கெட்டில் வையுங்கள். உள்ளே ரப்பர் வாஷர் பெயருக்குத்தான் இருக்கும். கண்ணாடிக்குள் ஆவி கோத்துக்கொள்ளும். நாளடைவில் தங்க முலாம் வியர்வையோடு போய்விடும்.

சேர்க்கும் ஆசை தீராதென்றால் பழைய எச்.எம்.டி. 'ஜனதா' தேடுங்கள். தினமும் சாவி கொடுக்கும் 17 கல் மெஷின். பழைய வாட்ச் ரிப்பேர்க்காரர் கண்ணை மூடிக்கொண்டு பிரித்து மாட்டுவார். அதிலும் டயலுக்குப் புதுப் பெயிண்ட் அடித்து விற்கிறார்கள், ஜாக்கிரதை. பின்மூடியைத் திறந்து காட்டாத கடையில் பர்ஸைத் திறக்காதீர்கள்.