எல்லா விலங்குக்கும் ஒரே சொல்: செய்முறை

எல்லா விலங்குக்கும் பொதுவாக உறுப்பு, பண்புச் சொற்பட்டியல் ஒன்று செய்ய, முதலில் எலி ஆராய்ச்சிக்காரர், கோழிக்காரர், மாட்டுக்காரர் என்று நாலைந்து பேரை ஒரே மேசையைச் சுற்றி உட்கார வையுங்கள். காபி தாராளமாக இருக்கட்டும். ‘முழங்கால்’ ஒன்றுக்கே மத்தியானம் ஆகிவிடும். குதிரையின் முன்னங்காலில் முழங்கால் என்று காட்டப்படுவது, எலும்பை எண்ணிப் பார்த்தால் மணிக்கட்டு. கொக்கு பின்பக்கமாக மடக்கும் ‘முட்டி’ அதன் கணுக்கால். நிஜ முட்டி மேலே இறகுக்குள் ஒளிந்திருக்கிறது.

இதற்கே அசந்துவிட்டவர்கள் கொம்பைத் தொடவேண்டாம். தொட்டே தீருவேன் என்பவர்களுக்கு: மாட்டுக் கொம்பு, எலும்பின்மேல் கெரட்டின் உறை. புள்ளிமான் கொம்பு முழுக்க எலும்பு. விழுந்து விழுந்து முளைக்கும். காண்டாமிருகக் கொம்பில் எலும்பே கிடையாது, வெறும் கெரட்டின். யானையின் கொம்போ மேல் வெட்டுப்பல். அதற்காகக் கொம்பனைப் ‘பல்லன்’ என்று கூப்பிட்டுத் திருத்தப் போகாதீர்கள். அப்படிப் போகிறவர் தூரத்தில் நின்று திருத்துவது நல்லது.

தமிழாசிரியரைக் குழுவில் சேர்க்கவே கூடாது. தொல்காப்பிய மரபியலைத் திறந்து, இளமைப் பெயர் மட்டும் ஒன்பது என்று ஆரம்பிப்பார். எந்தக் குட்டிக்கு எந்தப் பெயர் என்றும் சொல்வார். நீங்களோ ஒன்பதையும் ‘இளம் உயிரி’ என்று ஒன்றாக்க வந்தவர்கள்.

சண்டை முற்றினால் சொல்லுக்குப் பதில் எண் கொடுத்துவிடுங்கள். ‘உபெரான்’ என்ற உடலமைப்புச் சொற்றொகுதியில் மூளைக்கு 0000955. மீன் மூளையா, மாட்டு மூளையா என்ற பேச்சே இல்லை. எண்ணுக்காக யாரும் கொடி பிடித்ததில்லை.

அடுத்து, ‘உடல் எடை’ என்பது பண்பு. ‘எடை குறைவு’ என்பது ஒரு குறிப்பிட்ட எலிக்கு நேர்ந்த கதி. இரண்டையும் ஒரே பெட்டியில் போட்டால் குழப்பம்தான். பிரித்து வைத்து, இரண்டுக்கும் நடுவே ஒரு கயிற்றைக் கட்டினால், எலியை மெலியவைத்த மரபணுவைத் தேடுகிறவர் பன்றி எடை ஆய்வையும் அதே தேடலில் பிடிக்கலாம். இத்தனை பாடும் இதற்காகத்தான்.

பட்டியலில் ‘நிறம்’ என்று ஒரு கட்டம் போட்டுவிட்டு நிம்மதியாக எழுந்துவிடாதீர்கள். காங்கேயம் கன்று பிறக்கும்போது செம்மை, சில மாதத்தில் சாம்பல். ஆகவே வயதுக்கும் ஒரு கட்டம்.

கடைசியாக, கொம்பே இல்லாத மாட்டுக்கு மூன்று வரியில் வரையறை எழுத உட்காருமுன், மாட்டுச் சந்தையில் ஒரு தரகரைக் கேட்டுவிடுங்கள். மோழை என்பார்.