ஷூவும் சபையும்: மேடவாக்கம் ஜங்ஷனை முன்வைத்து ஓர் ஆய்வு

இவ்வாய்வின் களம் மேடவாக்கம். மாதிரி அளவு ஒரு வீடு, அதில் ஒரு பையன், வயது 15. மாதிரி போதாது என்று புள்ளியியலார் முகம் சுளிக்கலாம். இரண்டு பையன்கள் இருந்திருந்தால் கட்டுரை எழுத ஆய்வாளருக்கு நேரமே இருந்திருக்காது என்பதை அவர்கள் கருத்தில் கொள்ள வேண்டும்.

முதலில் கலைச்சொல் சிக்கல். 'பிராக்டிஸ்' என்பது எங்கள் வீட்டில் இருபொருள் பெயர்ச்சொல். சனிக்கிழமை மாலை நான்கரைக்குப் பெரும்பாக்கம் பக்கத்துக் கோர்ட்டில் கூடைப்பந்து ஆடுவதும் பிராக்டிஸ். அதே சனி, அதே நான்கரைக்கு ஆலயத்தில் கொயரோடு பாடிப் பழகுவதும் பிராக்டிஸ். "பிராக்டிஸுக்குப் போனியாடா?" என்றால் "போனேம்பா" என்பான். பொய் சொன்னான் என்று எவரும் நிரூபிக்க முடியாது. 'கேம்ப்' இதைவிட மோசம். மே மாதம் கோச் நடத்துவதும் கேம்ப், வாலிபர் கூட்டத்தார் மலைக்கு அழைத்துப் போவதும் கேம்ப். இரண்டிலும் விடியுமுன் எழுப்புவார்கள், இரண்டிலும் டீ-ஷர்ட் தருவார்கள், இரண்டுக்கும் பணம் கட்டுவது நான். பத்தாம் வகுப்பு டியூஷன் என்ற மூன்றாம் வல்லரசைப் பற்றி இங்கே பேசப் போவதில்லை. அது தனி நூலாக வரவேண்டியது.

ஞாயிறு காலை இந்தச் சிக்கல் முற்றுகிறது. லீக் ஆட்டம் ஏழரைக்கு, ஆராதனை எட்டரைக்கு. முதல் பாட்டுக்கு உள்ளே நுழையும் கொயர் வரிசையில் ஒரு வெள்ளை அங்கிக்குக் கீழே மட்டும் ஆரஞ்சு நிற ஷூ தெரியும். அங்கிக்குள் 9-ஆம் எண் ஜெர்சி நனைந்திருக்கும். பக்கத்தில் நிற்கும் பையன் அரையடி தள்ளி நிற்பான்.

வரலாற்று நோக்கில் இது பகையே அல்ல, பங்காளிச் சண்டை என்பது ஆய்வாளரின் கருதுகோள். கூடைப்பந்தைக் கண்டுபிடித்த ஜேம்ஸ் நெய்ஸ்மித் இறையியல் படித்தவர். அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் ஒய்.எம்.சி.ஏ. என்னும் கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தின் பயிற்சிப் பள்ளியில், குளிர்காலத்தில் வெளியே ஆடமுடியாமல் உள்ளே அட்டகாசம் செய்த மாணவர்களை அடக்க, 13 விதிகள் எழுதி, பீச் பழக்கூடை இரண்டை மேல்மாடக் கைப்பிடியில் அடித்துவைத்தார். நான்கே ஆண்டில், 1895-ல், வாலிபாலும் இன்னொரு ஒய்.எம்.சி.ஏ.வில் பிறந்தது. ஆக, வாலிபர் கூட்டம் பெற்ற பிள்ளைதான் இந்த விளையாட்டு. பெற்ற வீட்டுக்கே நேரம் தராத பிள்ளைகள் மேடவாக்கத்துக்குப் புதிதல்ல.

இக்கருதுகோளை நாசரேத்திலிருந்து வந்திருந்த ஆச்சியிடம் சமர்ப்பித்தேன். "ஓய்வுநாளும் அதுவுமா எங்கலே பந்தைத் தூக்கிட்டுப் போற?" என்று பேரனை வாசலில் மறித்துக்கொண்டிருந்தவர், நெய்ஸ்மித் கதையை முழுதாகக் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்: "அவரு என்ன, ஞாயித்துக்கெழமையா வெளையாடுனாரு?" பழைய நாட்காட்டியைத் தேடிப் பார்த்தேன். முதல் ஆட்டம் 1891 டிசம்பர் 21, திங்கட்கிழமை. ஆச்சியிடம் இன்னும் சொல்லவில்லை.

வாலிபர் கூட்டத்தின் ஆஸ்தான ஆதாரம் எரிக் லிடல். 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் 100 மீட்டர் தகுதிச் சுற்று ஞாயிற்றுக்கிழமை வந்ததால் ஓட மறுத்து, 400 மீட்டருக்கு மாறி, 47.6 விநாடியில் உலக சாதனையோடு தங்கம் வென்றவர். அதே பாரிஸுக்கு இந்திய அணியை அழைத்துப் போனவர் நம் ஊர் ஹாரி குரோ பக். 1920-ல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கிய அமெரிக்கர். தமிழ்நாட்டுப் பி.டி. மாஸ்டர்களில் எத்தனையோ பேர் நந்தனத்தில் உள்ள அந்தக் கல்லூரி வார்ப்பு. எங்கள் கோச்சும் நந்தனம்தான்.

லிடல் கதையைக் கூட்டத்தில் ஓர் அங்கிள் கண்கலங்கச் சொல்லி முடித்ததும் என் மகன் கை தூக்கினான். "அவருக்கு மாத்திக்க 400 இருந்துச்சு அங்கிள். எனக்கு அண்டர்-16 ஒண்ணுதான் இருக்கு." அன்று ஜெபம் சீக்கிரமே தொடங்கியது.

இறையியலைவிடப் புவியியலுக்கே இதில் பங்கு அதிகம். கோர்ட் சோழிங்கநல்லூர் சாலையில். ஆலயம் வேளச்சேரி–தாம்பரம் சாலைக்கு அந்தப்புறம். 2022-ல் திறந்த இரண்டு கிலோமீட்டர் மேம்பாலம் வேளச்சேரி–தாம்பரம் வழியில் நேரே போகிறவனுக்கு. திரும்ப வேண்டியவன் அதன் நிழலில் ஷேர் ஆட்டோக்களுக்கும் மெட்ரோ பணித் தடுப்புகளுக்கும் நடுவில் நிற்கவேண்டியதுதான். அந்தச் சிக்னலில், ஸ்கூட்டரின் பின்சீட்டில், இடதுகையால் இட்லி தின்றுகொண்டே வலதுகையால் அங்கிக்குப் பொத்தான் போட என் மகனால் முடியும். அவனது விளையாட்டுத் திறனாக இதுவரை ஐயமின்றி நிறுவப்பட்டது இது ஒன்றே.

இரு தரப்பும் வருகை விஷயத்தில் கண்டிப்பானவை. திடப்படுத்தல் வகுப்புக்கு மூன்று முறை வராவிட்டால் அடுத்த வருடம்தான் என்கிறார் ஆயர். ஆட்டத்துக்கு மூன்று நிமிடம் தாமதமானால் பெஞ்ச் என்கிறார் கோச். கோச்சுக்கு ஞாயிறு என்று ஒரு கிழமை இருப்பதே தெரியாது என்பது ஆய்வாளரின் நெடுநாள் முடிவு.

ஈஸ்டர் அன்று அதைத் திருத்த நேர்ந்தது. அதிகாலை ஆராதனை நான்கரைக்கு. வீட்டிலிருந்து ஆறே நிமிடத்தில் ஆலயம். ஜங்ஷனில் ஒரு நாய் மட்டும் குறுக்கே போனது. மேடவாக்கத்தில் ஆட்டமும் ஆராதனையும் மோதிக்கொள்ளாத நேரம் ஒன்று உண்டென்றால் அது இதுதான் என்று மனத்துக்குள் குறித்துக்கொண்டு உட்கார்ந்தேன். இரண்டு வரிசை முன்னால், டிராக் பேண்ட்டும் வெள்ளைச் சட்டையுமாக, பாட்டுப் புத்தகத்தைப் பார்க்காமலே பாடிக்கொண்டிருந்த ஆள் திரும்பினார். கோச். என் மகனைக் கண்டதும் கழுத்தில் தொங்கிய விசிலைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு, ஏழு விரல் காட்டினார்.